கண்ணில் பீளை, மூக்கில் அடைப்பு

ஏழாம் நாள் முடியிறக்கிப் பெயர் வைக்கும்போது பிள்ளையின் கண்கள் தெளிவாகத்தான் இருக்கும். நாற்பது கழிவதற்குள் ஒரு கண் மட்டும் ஓயாமல் கசியத் தொடங்கும். விடிந்து பார்த்தால் இமைகள் பீளையால் ஒட்டிக் கிடக்கும். துடைத்துவிட்டால் சரியாகிவிடும், பால் குடித்துத் தூங்கி எழும்பினால் மறுபடியும் பீளை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று எந்த ஊர் வீடானாலும் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நாவூறு என்பார் ஒருவர். கச்சான் காற்று என்பார் இன்னொருவர். உம்மா சாப்பிட்ட குளிர்ச்சியான சாமான்தான் என்று மூத்தம்மா முடித்துவைப்பார்.

பெரும்பாலும் காரணம் கண்ணிலேயே இல்லை. மூக்குக்குள் இருக்கிறது.

கண்ணீர் சுரந்து கண்ணை நனைத்தபின், மூக்கோரம் இருக்கும் இரண்டு நுண்ணிய துளைகள் வழியாகக் கண்ணீர்ப் பைக்குள் இறங்குகிறது. அங்கிருந்து ஒரு மெல்லிய குழாய் அதை மூக்குக்குள் கொண்டுபோய் விடுகிறது. அழும்போது மூக்கும் சேர்ந்து ஒழுகுவது இதனால்தான். கருவில் இந்தக் குழாய் திறந்துகொண்டே வரும்போது, கடைசியாகத் திறப்பது மூக்குப் பக்கத்து முனை. அந்த இடத்தில் ஒரு மெல்லிய சவ்வு மூடியபடியே சில பிள்ளைகள் பிறந்துவிடுகிறார்கள். கல்லோயா வாய்க்காலில் கடைசி மதகு திறக்காவிட்டால் தண்ணீர் மேலே தேங்கிக் கலங்குவதைப் போல, கண்ணீரும் பையில் தேங்கிப் பீளையாகிறது. பிறந்த முதல் வாரங்களில் கண்ணீர் மிகக் குறைவாகவே சுரப்பதால் அடைப்பு வெளியே தெரிவதில்லை. காற்றும் தடிமனும் கசிவைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் அடைப்பை உண்டாக்குவது அவை அல்ல.

நூறு சிசுக்களில் ஐந்து முதல் இருபது பேர் வரை இந்த அடைப்போடு பிறப்பதாக மருத்துவ நூல்கள் கணக்கிடுகின்றன. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு முதலாவது பிறந்தநாளுக்குள் சவ்வு தானாகவே திறந்துவிடும். அமெரிக்காவில் பல வைத்தியசாலைகள் சேர்ந்து நடத்திய ஆய்வொன்றில், ஆறு மாதம் கடந்தும் கண் கசிந்துகொண்டிருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு, அடுத்த ஆறு மாதத்தில் சத்திரசிகிச்சை இல்லாமலே குணமானது.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. நியூயோர்க் கண் வைத்தியர் கிரிக்ளர் 1923இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் எழுதிய அழுத்து முறைதான் இன்றும் உலகெங்கும் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. நகத்தை ஒட்ட வெட்டி, கையைச் சவர்க்காரத்தால் கழுவ வேண்டும். கண்ணின் உள்மூலைக்கும் மூக்கெலும்புக்கும் இடையில் விரல் நுனியை வைத்து, உள்நோக்கி அழுத்தி, மூக்கோரமாகக் கீழே இறக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து அழுத்தல்கள், நாளுக்கு இரண்டு முதல் நான்கு தடவை. பையில் தேங்கிய நீரின் அழுத்தம் கீழே போய்ச் சவ்வைத் திறக்க வேண்டும் என்பதே நோக்கம். தோலை மேலாகத் தடவிவிடுவதால் பயனில்லை. முதல் தடவை கிளினிக்கில் டொக்டரோ மிட்வைஃபோ செய்து காட்டப் பார்த்துப் பழகிக்கொள்வது நல்லது.

பீளையைக் கொதித்தாறிய நீரில் நனைத்த சுத்தமான பஞ்சால் துடைக்கலாம். ஒரு துடைப்புக்கு ஒரு துண்டு. மற்றக் கண்ணுக்கு வேறு துண்டு.

கண்ணுக்குள் என்ன போடுகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். தாய்ப்பால் விடுவது தெற்காசியா எங்கும் உள்ள பழைய வழக்கம். அதனால் குழாய் திறக்காது. சுறுமா இன்னும் ஆபத்தானது. பல வகைச் சுறுமாக்களின் மூலப்பொருளே ஈயம் கலந்த கனிமம். ஈயம் உடம்பில் சேர்ந்தால் சிறுபிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாமசியில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் அடைப்பை நீக்காது. கிருமித் தொற்று கண்டால் மட்டும் டொக்டர் அதை எழுதிக் கொடுப்பார். ஸ்டீரொய்ட் கலந்த சொட்டு மருந்தைத் தானாக வாங்கிப் போட்டால் கண்ணின் அழுத்தம் கூடிப் பார்வையே கெடலாம்.

கண் கசிவதெல்லாம் இந்த அடைப்பும் அல்ல. பிறந்து முதல் நான்கு வாரங்களுக்குள் இமை வீங்கிச் சீழ் கொட்டினால், பிரசவத்தின்போது தொற்றிய கிருமியாக இருக்கலாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வெளிச்சத்தைக் கண்டு பிள்ளை கண்ணை இறுக மூடினாலோ, கருவிழி பெரிதாகவோ மங்கலாகவோ தெரிந்தாலோ, அது கண்ணுக்குள் அழுத்தம் கூடும் குளோக்கோமாவாக இருக்கக்கூடும். மூக்கோரம் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் கண்டால் அழுத்துவதை உடனே நிறுத்த வேண்டும். பிறக்கும்போதே அந்த இடத்தில் நீல நிறப் புடைப்பு இருந்தாலும் தாமதிக்கக்கூடாது. சிசுக்கள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுவதால், புடைப்பு இரு பக்கமும் இருந்தால் சுவாசமே திணறலாம்.

ஒரு வயது தாண்டியும் கசிவு நிற்காவிட்டால் கண் வைத்திய நிபுணரிடம் காட்ட வேண்டும். கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. வடக்கே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை. அரச வைத்தியசாலை என்பதால் கட்டணம் இல்லை. கிளினிக்குக்குப் புறப்படுமுன் உம்மா கண்ணைத் துடைத்துவிடுவார் என்பதால், எழும்பியவுடன் போனில் எடுத்த படமொன்று கையில் இருந்தால் டொக்டருக்கு உதவும்.

அங்கே செய்யப்படுவது மெல்லிய உலோகக் கம்பியைக் குழாய் வழியே இறக்கிச் சவ்வைத் திறக்கும் சிறு சத்திரசிகிச்சை. 19ஆம் நூற்றாண்டு லண்டன் வைத்தியர் வில்லியம் போமனின் பெயரால்தான் அந்தக் கம்பி இன்றும் அழைக்கப்படுகிறது. பிள்ளை அசையாதிருக்கப் பெரும்பாலும் மயக்க மருந்து கொடுப்பார்கள். சிகிச்சை சில நிமிடங்களில் முடியும். வெட்டும் இல்லை, தையலும் இல்லை. மூக்கிலோ கண்ணீரிலோ சிறிதளவு இரத்தம் தெரிந்தால் பயப்படத் தேவையில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரே தடவையில் குணமாகிவிடுகிறது. ஆகாதவர்களுக்குச் சிகிச்சையைத் திரும்பச் செய்வார்கள், அல்லது மெல்லிய சிலிக்கோன் குழாயொன்றைச் சில மாதங்களுக்கு உள்ளே விட்டுப் பிறகு எடுப்பார்கள்.