அதே சபை, அடுத்த ஞாயிறு

அன்பான தம்பி தங்கைகளே,

லண்டனில் நம்முடைய தமிழ்ச் சபைகள் சிறியவை. சனிக்கிழமை காதல் முறிந்த இருவர், ஞாயிற்றுக்கிழமை ஒரே பாடகர் குழுவில் நிற்க வேண்டியிருக்கும். ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கையில், "ஏம்மா முகம் வாடியிருக்கு?" என்று நாலு ஆன்ட்டிமார் கேட்பார்கள். வீட்டிலோ, "போனது போகட்டும், நல்ல வரன் வந்திருக்கு" என்பார்கள். அழக்கூட இடம் கிடைக்காது.

இந்த வலி ஊழியக்காரர்களையும் விட்டுவைத்ததில்லை. ஜான் வெஸ்லியைப் பாருங்கள்.

1736இல் அவர் அமெரிக்காவின் ஜார்ஜியாவில், சவான்னா என்ற ஊரில் போதகராக இருந்தார். சோஃபி ஹாப்கி என்ற இளம்பெண்ணை நேசித்தார். ஆனால் மணப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாமல் தவித்தார். 1737 மார்ச்சில் அவள் வேறொருவரை மணந்தாள். ஆகஸ்டில் வெஸ்லி அவளுக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்தார். சபை ஒழுங்கைக் காரணம் காட்டினார். அவள் கணவர் வழக்குத் தொடுத்தார். டிசம்பரில் வெஸ்லி ஊரைவிட்டே கிளம்பினார்.

நம் கையில் திருவிருந்துப் பாத்திரம் இல்லை. வாட்ஸ்அப் குழு இருக்கிறது. "அவனுக்காக ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லி அவன் கதையைப் பரப்புவதும், நண்பர்களை இரண்டு கட்சியாகப் பிரிப்பதும் அதே தவறுதான். பழிவாங்குவதற்குப் பக்தி என்று பெயர் வைக்காதீர்கள்.

இரண்டாம் முறை அடி இன்னும் ஆழமாக விழுந்தது. நியூகாசிலில் தம் நோயில் பணிவிடை செய்த கிரேஸ் மரே என்ற விதவையை வெஸ்லி மணக்க விரும்பினார். தம்பி சார்ல்ஸ் அதை எதிர்த்துக் குறுக்கிட்டார். 1749 அக்டோபரில் கிரேஸ் வேறொரு ஊழியரை மணந்தாள். பதினாறு மாதத்தில், 1751 பிப்ரவரியில், லண்டன் பாலத்தில் வழுக்கி விழுந்த வெஸ்லி, திருமதி வசேல் என்ற விதவையின் வீட்டில் தங்கிக் குணமானார். ஏறக்குறைய ஒரு வாரத்தில் அவரையே மணந்தார். அந்த இல்லறம் கசந்தது, பிரிந்தே வாழ்ந்தார்கள். 1781இல் மனைவி இறந்த செய்தி, அடக்கம் முடிந்த பிறகே அவருக்குத் தெரிந்தது. அவசரம் ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் பெற்றோரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள்: புது வரன் புண்ணுக்கு மருந்தல்ல. பிள்ளை அழுது முடிக்கட்டும். அருகில் இருங்கள், போதும்.

தம்பி, தங்கை, உங்களுக்குச் சில வார்த்தைகள். எலியா சூரைச்செடியின் கீழே படுத்துச் சாகக் கேட்டபோது, தேவன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை; அப்பமும் தண்ணீரும் தந்து தூங்கவிட்டார். ஆகவே நேரத்துக்குச் சாப்பிடுங்கள், தூங்குங்கள். பழைய செய்திகளை நள்ளிரவில் திரும்பத் திரும்ப வாசிக்காதீர்கள். சில வாரங்கள் பாடகர் குழுவிலிருந்து ஓய்வு கேட்பது விசுவாசக் குறைவல்ல. ஆராதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் முழுவதையும் சொல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அன்றே வீட்டாரிடமோ மருத்துவரிடமோ பேசுங்கள். 116 123 என்ற சமாரிட்டன்ஸ் எண் இரவும் பகலும் இலவசம்.

கடைசியாக ஒன்று. சவான்னாவில் தோற்றுத் தலைகுனிந்து திரும்பிய வெஸ்லி, ஆறு மாதம் முடியுமுன், 1738 மே 24 அன்று, இதே லண்டனின் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டத்துக்குப் போனார். போக மனமில்லாமல்தான் போனார். அங்கேதான் ஆண்டவர் அவர் உள்ளத்தை அனலாக்கினார்.

அடுத்த ஞாயிறு உங்களுக்கும் மனமிருக்காது. இருந்தாலும் வாருங்கள். பின்வரிசையில் உட்காருங்கள். பாட முடியாவிட்டால் நாங்கள் பாடுகிறோம்.

உங்கள் அக்கா,
வாலிபர் ஐக்கியம்