உங்களுக்குத் தெரியுமா? 70 பைசாவுக்கு ஒரு பூட்டு!

பணக்கார நாடு 100 ரூபாய் சம்பாதித்தால் ஏழை நாடுகளுக்கு எவ்வளவு தர வேண்டும்? 70 பைசா! 1970 அக்டோபரில் ஐ.நா. பொதுச்சபை போட்ட தீர்மானம் இது. கணக்குப் பாஷையில் சொன்னால், தேசிய வருமானத்தில் 0.7%.

இந்த 0.7 என்ற எண்ணைப் பரிந்துரைத்த குழுவுக்குத் தலைவர் லெஸ்டர் பியர்சன். கனடாவின் முன்னாள் பிரதமர். அந்தக் கனடா எத்தனை வருடம் 0.7% கொடுத்திருக்கிறது? பூஜ்யம்!

சுவீடன் 1974லேயே எட்டிப் பிடித்துவிட்டது. பிரிட்டன் எட்டியது 2013ல். தீர்மானம் போட்டு 43 வருடம் கழித்து!

அதிலும் ஒரு வேடிக்கை. 2010லிருந்து பிரிட்டன் அரசு கண்ட செலவையெல்லாம் வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. கத்தி படாமல் தப்பிய சிலவற்றில் ஒன்று இலவச மருத்துவச் சேவை. இன்னொன்று... வெளிநாட்டு உதவி!

2015 மார்ச் 26. அந்த 70 பைசாவைச் சட்டம் போட்டே பூட்டினார்கள். கொண்டுவந்தது அரசு அல்ல, மைக்கேல் மூர் என்ற எம்.பி.யின் தனிநபர் மசோதா! சரியாக 42வது நாள் பொதுத் தேர்தல். மூர் தோற்றுப்போனார்!

பூட்டு என்றேனா? சாவியும் அதே சட்டத்துக்குள்ளேயே தொங்குகிறது! இலக்கு தவறினால் சிறையா, அபராதமா? இரண்டும் இல்லை. அமைச்சர் நாடாளுமன்றத்தில் ஒரு விளக்க அறிக்கை வைத்தால் போதும். 'பொருளாதாரம் சரியில்லை' என்பதும் சட்டமே ஒப்புக்கொள்ளும் காரணம். கோர்ட்டுக்கும் போக முடியாது. நம்மூர் பீரோ பூட்டே தேவலை!

அந்தச் சாவி திரும்ப ஆறே வருடம்தான் ஆனது! கொரோனாவைக் காட்டி 2021ல் 70 பைசா 50 பைசா ஆனது. அப்போதைய நிதியமைச்சர் ரிஷி சுனக். உயிரோடிருந்த முன்னாள் பிரதமர்கள் ஐந்து பேரும் எதிர்த்தார்கள். ஐந்து பேரும்! அவர்களில் தெரசா மே, தன் கட்சிக் கொறடா உத்தரவையே மீறி எதிர்த்து ஓட்டுப் போட்டார். முடிவு? 333க்கு 298. வெறும் 35 ஓட்டில் வெட்டு உறுதியானது!

மீதி 50 பைசாவாவது கடல் தாண்டியதா என்று கேளுங்கள். உதவி தரும் நாட்டுக்கே வந்து சேர்ந்த அகதிகளின் முதல் வருடச் செலவை உதவிக் கணக்கில் எழுத சர்வதேச விதி இடம் கொடுக்கிறது. ஓட்டல் அறை வாடகைகூட உதவிதான்! 2023ல் பிரிட்டன் இப்படி எழுதியது 430 கோடி பவுண்டு. மொத்த உதவியில் கால் பங்குக்கும் மேல்!

கொஞ்சம் பின்னால் போவோமா? மலேசியாவின் பெர்காவ் அணைக்கு பிரிட்டன் உதவி 23.4 கோடி பவுண்டு. ஆயுத வியாபாரத்தோடு முடிச்சுப் போட்ட உதவி என்று நாறிய விவகாரம். 1994ல் லண்டன் உயர்நீதிமன்றம் 'சட்டவிரோதம்' என்று சொல்லிவிட்டது. உதவி செய்து குட்டு வாங்கிய அரசு!

மறுபடி 70 பைசா கதைக்கு வருவோம். 2025 பிப்ரவரியில் பிரிட்டனில் அடுத்த வெட்டு. 2027க்குள் 30 பைசா! மிச்சப்படும் பணம் ராணுவத்துக்கு. அறிவிப்பு வந்த மூன்றாம் நாள், வெளிநாட்டு உதவியைக் கவனித்த அமைச்சர் அனலீஸ் டாட்ஸ் ராஜினாமா!

அந்த 2015 சட்டம் என்ன ஆனது என்கிறீர்களா? யாரும் ரத்து செய்யவில்லை. சட்டப் புத்தகத்தில் இன்றைக்கும் அதே எண்தான்: 0.7!