வேலியில் அடைபட்ட ஒரு பூமரம்

அலுவலக முகப்புகளிலும் பூங்கா நடைபாதைகளின் ஓரங்களிலும் இடுப்பளவு உயரத்தில் சதுரமாகக் கத்தரித்து நிறுத்தப்பட்டிருக்கும் அந்தப் பளபளப்பான பசுஞ்செடியைப் பார்த்தவர்கள் அநேகர். ஆனால் தன் போக்கில் வளர விட்டால் அது 15 அடிக்கு மேலும் ஓங்கி, நல்ல மழை பெய்து ஓய்ந்த சில நாட்களில் கிளை முழுவதும் வெண்புஷ்பங்களைத் தாங்கி, தெருக்கோடி வரை பரிமளிக்கக்கூடிய ஒரு சிறு மரம் என்பதை அறிந்தவர்கள் சொற்பமே. நாற்றுப் பண்ணைகளில் காமினி என்றும், மற்றபடி காட்டுக் கறிவேப்பிலை என்றும், தாவர சாஸ்திரத்தில் முர்ரயா பானிகுலேட்டா என்றும் வழங்கும் இம்மரம், எலுமிச்சை, நாரத்தை, வில்வம், விளா ஆகியவை அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது.

கறிவேப்பிலைக்கும் இதற்கும் உள்ள உறவில் நம் தரங்கம்பாடிக்கும் பங்கு உண்டு. 1768-ஆம் ஆண்டில் அங்கு டேனிஷ் மிஷனின் வைத்தியராக வந்து சேர்ந்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக், தாவரவியலாளர் லின்னேயஸின் மாணாக்கர். 1771-இல் லின்னேயஸ் வெளியிட்ட நூலில் முர்ரயா என்னும் பேரினம், ஆண்ட்ரியாஸ் முர்ரே என்ற மற்றொரு மாணாக்கரைக் கௌரவித்து, கோனிக் தந்த பெயராகவே இடம்பெற்றது. கறிவேப்பிலையின் சாஸ்திரப் பெயரிலோ கோனிக்கின் பெயரே நிலைத்திருக்கிறது.

இனம் காண்பதற்கு ஓர் இலையே போதும். அதைப் பறித்து வெயிலுக்கு நேராகப் பிடித்தால், எலுமிச்சை இலையில் காண்பது போன்றே ஊசிமுனை அளவான ஒளிப்புள்ளிகள் தெரியும். அவை வாசனைத் தைலம் தங்கும் நுண்ணறைகள். ஒரு காம்பில் சிற்றிலைகள் பெரும்பாலும் 5 அல்லது 7 இருக்கும். எதிரெதிராக அமையாமல் மாறி மாறி அமைந்து, நுனியில் ஒன்றோடு முடியும். கறிவேப்பிலையில் அவை 11-க்குக் குறைவது அரிது. கசக்கினால் எழும் அந்த மணமும் இதில் இராது, ஆகையால் தாளிப்பதற்கு இது உதவாது. மல்லிகையென்று மயங்குபவர்கள் பூவைக் கவனிக்க வேண்டும்: மல்லிகையின் இதழ்கள் அடியில் குழலாக இணைந்திருக்க, இதில் 5 இதழ்களும் தனித்தனியே பின்னோக்கி வளைந்து, நடுவில் 10 மகரந்தத் தாள்கள் நெட்டையும் குட்டையுமாக நிற்கும். கனி முட்டை வடிவினது. செம்மஞ்சளாகி, பின் சிவக்கும். கறிவேப்பிலைப் பழமோ கறுத்துவிடும்.

பழுத்த கனியின் சதையைக் கழுவி நீக்கி, விதையை உலரவிடாமல் உடனே விதைத்தால் சில வாரங்களில் முளைக்கும். சீக்கிரம் பூக்க வேண்டுமென்றால் பதியன் போட்ட கன்றே உத்தமம். வெயிலும் வடிகாலும் அவசியம். வேரடியில் நீர் தேங்கலாகாது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இலை மஞ்சளித்தால், அது பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவே. மக்கிய தொழு உரத்துடன், இலை வழியாக இரும்புச் சத்து தெளிப்பதும் பயன் தரும். பூங்கொத்துகள் தளிரின் நுனியில் தோன்றுவதால், ஓயாமல் கத்தரிக்கப்படும் வேலி பூக்க வழியில்லை. இத்தகைய மரத்தை ஆயுள் முழுவதும் அவ்வாறு முடக்கிவைப்பது எனக்குப் பெரும் அநியாயமாகவே படுகிறது. நேரான ஒரு தண்டைத் தேர்ந்து, கீழ்க்கிளைகளை ஆண்டுக்குச் சில வீதம் நீக்கி, பூத்து முடிந்த பின் மட்டும் கவாத்து செய்தால் வெளிறிய அடிமரமும் குடை போன்ற தலையும் அமையும்.

உறவினால் வரும் தீங்கு ஒன்றுண்டு. எலுமிச்சை வகைகளின் பச்சையாதல் நோயைப் பரப்பும் சைலிட் பூச்சிக்கு இதன் தளிர் மிகவும் உவப்பானது. அமெரிக்காவின் புளோரிடாவில் 1998-இல் அப்பூச்சி காணப்பட்டது; விற்பனைக்குச் சென்ற காமினித் தொட்டிகளோடு அது பல இடங்களுக்கும் பரவியது; 2005-இல் நோயும் கண்டறியப்பட்டு ஆரஞ்சுத் தோட்டங்கள் பெருநாசம் அடைந்தன. ஆதலால் எலுமிச்சைத் தோப்புக்கு அருகில் இதனை நடலாகாது. வீட்டில் எலுமிச்சை இருந்தால், இரண்டின் தளிர்களையும் அடிக்கடி புரட்டிப் பார்க்க வேண்டும்: பின்புறத்தைத் தூக்கிச் சாய்ந்து அமர்ந்திருக்கும் சிறு பழுப்புப் பூச்சியோ, மெழுகு இழைகளை வெளியிடும் மஞ்சள் நிறக் குஞ்சுகளோ தென்பட்டால், அத்தளிர்களை உடனே கிள்ளி அழித்துவிட வேண்டும்.