கணப்புச் சட்டியும் காணா நஞ்சும்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், சனவரி, பெப்ரவரித் திங்கள்களில் புல்மீது உறைபனி படிவதுண்டு. ஹட்டன், தலவாக்கலைப் பகுதிகளிலும் இரவுக் குளிர் எலும்பை ஊடுருவும். இக்காலத்தில் கதவையும் சாளரத்தையும் இறுக அடைத்து, கரிக்கனல் இட்ட சட்டியொன்றைக் கட்டிலருகே வைத்து உறங்குவார் உளர். சுற்றுலா வந்து தங்குவோருள்ளும், இறைச்சி சுட்ட கரியடுப்பை அறைக்குள் கொண்டுசெல்வோர் உண்டு. விடியும்போது அவ்வறையில் உயிர் இல்லாமற் போதல் கூடும். அதற்குக் காரணமான காபனோரொட்சைட்டு எனும் வாயுவைப் பற்றியும், அதனை வீட்டிற் கண்டறியும் வழியைப் பற்றியும் சில கூற விழைகின்றேன்.

முதலில் அது தோன்றும் வகையைக் காண்போம். கரி போதிய காற்றுடன் எரியும்போது காபனீரொட்சைட்டு உண்டாகின்றது. அடியிலே உண்டான இவ்வாயு செந்தணலின் ஊடே மேலெழும்போது, தணலிலுள்ள காபனோடு கூடிக் காபனோரொட்சைட்டாக மாறுகின்றது. தணலின்மேல் நீலச் சுடர் ஒன்று துள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். அது இவ்வாயு எரியும் சுடரே. சுடர் அவிந்து சாம்பல் மூடியபின், எரியாத வாயு அறையிற் கலக்கின்றது. ஆகவே, நெருப்பு அடங்கிவிட்டது, இனி அச்சமில்லை என நாம் எண்ணும் வேளையே அச்சத்திற்குரிய வேளையாகும்.

கவ்வாத்து மிலாறு எரிந்தாற் புகை கண்ணைக் கரிக்கும்; பிள்ளை இருமும்; தாய் கதவைத் திறப்பாள். நன்கு கனன்ற கரியோ புகைவதில்லை. இவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. புகை செய்யும் எச்சரிக்கையை இது செய்வதில்லை.

குருதியிலுள்ள ஈமோகுளோபின், ஒட்சிசனைப் பற்றுவதிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட வலிமையுடன் இந்நஞ்சைப் பற்றிக்கொள்ளும். அதனால் மூளையும் இதயமும் ஒட்சிசனின்றி வாடும். நுவரெலியாவிற் காற்றழுத்தம் கடலோரத்தினும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவு. எனவே அங்கு மூச்சில் இயல்பாகவே ஒட்சிசன் குறைவு என்பதும் நினைக்கத்தக்கது.

தலைவலி, மயக்கம், குமட்டல், சோர்வு ஆகியவை இதன் அறிகுறிகள். காய்ச்சல் என்றும், உண்ட உணவின் கோளாறு என்றும் இவற்றைத் தவறாகக் கொள்வது எளிது. இரண்டு குறிப்புகள் உண்மையைக் காட்டும். வீட்டிலுள்ளோர் பலருக்கும் ஒரே வேளையிற் காண்பது ஒன்று. வெளியே சென்றதும் தணிவது மற்றொன்று. காலையிற் தலைவலியோடு வந்து, முற்பகலுக்குள் தெளிந்துவிடும் மாணவனிடம், இரவு அறையில் நெருப்பு இருந்ததா என ஆசிரியர் வினவுதல் நன்று.

ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் எனும் பிரித்தானிய அறிஞர், 1890களிற் சுரங்கச் சாவுகளை ஆராய்ந்து, சிற்றுயிர்களைக் கொண்டு இவ்வாயுவை அறியலாம் என்றார். அவ்வாறே கனேரிப் பறவைகள் சுரங்கங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. பிரித்தானியாவில் 1986இல் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. இன்று அப்பறவையின் பணியை மின்கலத்தால் இயங்கும் உணர்கருவி செய்கின்றது. ஐரோப்பிய நியமத்தின்படி, பத்து இலட்சம் பங்கு காற்றில் இவ்வாயு 50 பங்கு இருப்பின், 60 முதல் 90 நிமிடங்களுக்குள் அது ஒலியெழுப்ப வேண்டும். 300 பங்காயின் மூன்று நிமிடங்களுக்குள் ஒலிக்க வேண்டும்.

சோதிக்கும் முறை எளிது. எண் காட்டும் கருவியாயின், முதலில் வெளிக்காற்றில் வைத்துச் சுழியத்தைக் காட்டுகின்றதா எனப் பாருங்கள். பின்னர் அடுப்பு எரியும் அறையில், படுப்போர் தலைமட்டத்தில் வையுங்கள். அனைவரும் விழித்திருக்கும் வேளையிலேயே இதனைச் செய்க. எண் ஏறத் தொடங்கினாற் கதவைத் திறந்து நெருப்பை வெளியேற்றுக. கருவியிலுள்ள பொத்தான் ஒலியையும் மின்சுற்றையுமே சோதிக்கும். உணரியின் ஆயுளை அது கூறாது. அதற்குரிய காலவெல்லையைக் கருவியின் மீதே காணலாம். எரிவாயுவால் நீர் சூடாக்கும் கருவி உள்ள குளியலறைக்கும் இச்சோதனை வேண்டற்பாலது. விரலில் மாட்டும் ஒட்சிசன் மானியை நம்பற்க. அது இந்நஞ்சேறிய குருதியையும் நலமான குருதி என்றே காட்டிவிடும்.

யாரேனும் மயங்கிக் கிடப்பின், கதவைத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 1990 என்னும் இலவச அம்புலன்சு இலக்கத்தை அழையுங்கள். நல்ல காற்றில் இந்நஞ்சு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் செல்லும். வைத்தியசாலையில் தூய ஒட்சிசன் அளித்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் போதும்.

சாளரத்தைத் திறவுங்கள் என்று கூறுவது எளிது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில், சாளரமே இல்லாதவர் எதனைத் திறப்பார்? நாட்கூலி பெறுவோர் கருவியை எங்ஙனம் வாங்குவார்? ஆகவே, ஒரு தோட்டத்திற்கு ஒரு கருவியையேனும் பாடசாலையோ கோயிற் சபையோ வாங்கி, குளிர்காலத்தில் வீடுதோறும் கொண்டுசென்று பார்க்கலாம். புதிய வீடுகளைக் கட்டுவோர் சமையலறைக்குப் புகைபோக்கியும், படுக்கையறைக்குக் காற்றுவழியும் அமைத்தல் கடமையாகும். அதுவரை ஒன்றை மட்டும் உறுதியாகக் கொள்வோம். குளிருக்குக் கம்பளியை நாடுவோம். உறங்கும் அறைக்குள் கனலைக் கொண்டுசெல்லாதிருப்போம்.