பொய் சொல்லாத ஏடு!

சென்னை நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் வளாகத்திலே ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 15 அடி உயரம். 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி வானாய்வுக் கூடம் கட்டியபோது நாட்டிய தூண். ஆசியாவில் அறிவியலை ஊன்றியது ஆங்கிலேயரின் தாராள மனமே என்பதை ஆயிரம் ஆண்டுக்குப் பின் வருவோரும் அறிந்திட வேண்டுமாம்! கல்லிலே வெட்டி வைத்தார்கள். தமிழிலும் வெட்டினார்கள்.

தாராளம் எவருடையது? கம்பெனியின் கஜானா எவர் வியர்வையால் நிரம்பிற்று? கல்லைப் பிளந்தவன் எவன்? சுமந்தவன் எவன்? அவன் பெயர் தூணிலே இல்லை. போகட்டும்! தூணின் பெருமை பேச நாம் வரவில்லை. அங்கே வளர்ந்த ஏட்டின் பெருமை பேசவே வந்தோம்.

1796 முதல் வானிலைக் குறிப்பு, 1813 முதல் மழைக் கணக்கு என்று வளர்ந்தது அந்த ஏடு. கம்பெனி போயிற்று, முடியாட்சி போயிற்று, ஊரின் பெயரும் மாறிற்று. கணக்கு மட்டும் நிற்கவில்லை. இன்றும் காலை 8.30 மணிக்கு மழைமானியின் நீரை அளக்கிறார்கள், எழுதுகிறார்கள். மாளிகைக்கு ஓர் அளவு, மண்குடிசைக்கு ஓர் அளவு என்று மழைமானி அறியாது.

2015-இல் சென்னை மூழ்கியபோது, “எவரும் எதிர்பாராத மழை” என்றார்கள். ஏட்டைப் புரட்டுவோம். 2015 நவம்பரிலே நுங்கம்பாக்கத்தில் பெய்தது ஏறத்தாழ 105 சென்டிமீட்டர். 1918 நவம்பரிலோ ஏறத்தாழ 109! ஒரே நாள் மழையா? 1846 அக்டோபரில் 52 சென்டிமீட்டர். 1976 நவம்பரில் 45. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கம் கண்டது 29, செம்பரம்பாக்கம் 47, தாம்பரம் 49. அந்த 49-ம் 1846-இன் 52-ஐ எட்டவில்லையே!

எதிர்பாராதது மழையா? இல்லை, தோழர்களே! ஏடு எதிர்பார்த்தது; ஏட்டைப் படிக்க வேண்டியவர்கள்தான் எதிர்பார்க்கவில்லை. மழை பழைய மழைதான். அது தங்க இருந்த இடம் எங்கே? ஏரி மனையாயிற்று, சதுப்பு சாலையாயிற்று, ஓடை சுவராயிற்று. இடமிழந்த நீர் அடையாற்றங்கரைக் குடிசைக்குள் புகுந்தது. ஏரியை விற்றவன் மாடியிலே; ஏதுமறியாதவன் கழுத்தளவு நீரிலே!

வெயிலின் கணக்கும் உண்டு. 2003 மே இறுதியிலே இதே நுங்கம்பாக்கத்தில் வெப்பம் 45 டிகிரியைத் தொட்டது. எங்கே அளந்த 45? காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள்ளே, நிழலிலே! அன்று தார் காய்ச்சிய தொழிலாளியின் தலைமேல் எத்தனை டிகிரி? மூட்டை சுமந்தவன் முதுகிலே எத்தனை டிகிரி? பாதரசத்திற்குக் கிடைத்த நிழல் பாட்டாளிக்குக் கிடைத்ததா?

ஆகவே கேட்கிறோம். நுங்கம்பாக்கத்தில் 29 பெய்த நாளிலே தாம்பரத்தில் 49 பெய்தது என்றால், ஓரிடத்து அளவு ஊர் முழுமைக்கும் போதுமா? வட்டத்திற்கு ஒரு மழைமானி வேண்டும். கட்டடத்திற்கு அனுமதி தரும் கை, முதலில் மழை ஏட்டைப் புரட்ட வேண்டும். கொளுத்தும் நண்பகலில் வெட்டவெளியில் உழைப்போர்க்கு ஓய்வும் நிழலும் நீரும் வேண்டும்.

பிச்சையாகக் கேட்கவில்லை, கணக்குக் காட்டிக் கேட்கிறோம். தூணிலே பொறித்தது ஆண்டவர்களின் பெருமை. ஏட்டிலே எழுதியிருப்பது ஆள்வோர்க்கு எச்சரிக்கை. அடுத்த மழைக்காலத்தில் “எதிர்பாராதது” என்று எவர் சொல்லினும், தோழனே, நுங்கம்பாக்கத்துப் பக்கம் கை நீட்டு. “1846-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள், ஐயா!” என்று சொல்!