டச்சுக் கிழக்கிந்தியாவில் ‘மக்கள் அவை’: ஆலோசனை உரிமையும் அதன் எல்லையும்

டச்சுக் கிழக்கிந்தியாவின் தலைமை ஆளுநருக்கு அறிவுரை கூறும் அவை 1609 முதலே இருந்துவந்தது. அதில் நெடுங்காலம் அமர்ந்தோர் ஐரோப்பிய உயர் அலுவலரே. 1918 மே 18 அன்று பத்தாவியாவில் தொடங்கப்பட்ட ‘ஃபோல்க்ஸ்ராட்’ இதனின்று வேறுபட்டது. ‘மக்கள் அவை’ என்பது அப்பெயரின் பொருள். ஆயினும் அதன் 39 உறுப்பினருள் உள்நாட்டவர் 15 பேரே. அவர்களுள்ளும் ஐவர் நியமனம் பெற்றவர். வரவுசெலவுத் திட்டம் குறித்து அரசு அவையின் கருத்தைக் கேட்டாக வேண்டும். ஏற்றாக வேண்டும் என்பதில்லை.

1925ஆம் ஆண்டுச் சட்டம் சட்டமியற்றலில் அவைக்குப் பங்களித்தது. 1931இல் உறுப்பினர் 60 பேருள் பாதியினர் உள்நாட்டவராயினர். முரண்பாடு எழுந்தால் இறுதி முடிவு நெதர்லாந்திடமே இருந்தது.

இந்த எல்லையைத் தெளிவாகக் காட்டுவது 1936ஆம் ஆண்டின் சுதார்ஜோ விண்ணப்பம். சுதார்ஜோ புரட்சியாளர் அல்லர். உள்நாட்டு அரசு அலுவலர் சங்கத்தின் தலைவர். விண்ணப்பத்தில் கையொப்பமிட்ட அறுவருள் சீன, அரபு வழியினரும் இருந்தனர். அவர்கள் விடுதலை கோரவில்லை. நெதர்லாந்து அரசின் வரம்புக்குள், பத்தாண்டுகளில் தன்னாட்சி பெறும் வழியை ஆராய ஒரு மாநாடு கூட்டுமாறே வேண்டினர். 26க்கு 20 என்னும் வாக்குகளால் அவை அதனை ஏற்றது. ஈராண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தபின், 1938 நவம்பரில் அரச ஆணை அதனை மறுத்தது. மிதவாதிகளுக்கே இம்மறுமொழி கிடைத்தது என்பது கருதத்தக்கது. அடுத்த ஆண்டு ஒன்றிணைந்த தேசியக் கட்சிகள், அவைக்கு வெளியே, முழுமையான நாடாளுமன்றம் கோரின.