குளிரில் தெளியும் அணுவின் குரல்

சந்தை இரைச்சலில் ஒருவர் மெல்லப் பேசினால் அவர் சொல் நம் செவிக்கு எட்டுவதில்லை. அவர் குரலை உயர்த்த வேண்டும். அன்றேல் இரைச்சல் தணிய வேண்டும். இவ்விரண்டாம் வழியை இன்றைய வேதியியல் ஆய்வாளர் கையாளும் திறம் அறியத்தக்கது.

அணுக்கருக்களுள் பல, சிறு காந்தங்கள் போன்றவை. வலிய காந்தப் புலத்தில் வைத்து வானொலி அலையால் தூண்டினால், அவை மெல்லிய மின்குறிப்பை எழுப்பும். மூலக்கூறில் எவ்வணு எதனோடு இணைந்துள்ளது என்பதை அக்குறிப்பு காட்டும். இதுவே அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு எனப்படும். இதனைத் தனித்தனியே கண்ட பிளாக், பர்செல் என்னும் அமெரிக்க அறிஞர் இருவரும் 1952இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஆயின் அக்குரல் மிக நலிந்தது. 11.7 டெஸ்லா காந்தப் புலத்திலும், அறை வெப்பத்தில், இலட்சம் ஹைட்ரஜன் கருக்களுள் ஒரு திசையில் மிகுந்து நிற்பவை ஏறத்தாழ நான்கே. ஏனையவை ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. மேலும், குறிப்பை வாங்கும் கம்பிச்சுருளில் மின்னணுக்கள் வெப்பத்தால் ஓயாது அலைந்து இரைச்சலை உண்டாக்குகின்றன. இவ்விரைச்சலின் இயல்பை ஜான்சனும் நைக்குவிஸ்ட்டும் 1928இல் விளக்கினர்.

சோதனையைப் பன்முறை செய்து கூட்டினால் குறிப்பு தெளியும். ஆனால் 4 மடங்கு தெளிவுக்கு 16 மடங்கு நேரம் வேண்டும். அதற்குள் சில புரதங்கள் சிதைந்துபோகும்.

எனவே சுருளையும் அதனை அடுத்த முன்பெருக்கியையும் குளிர்விக்க முற்பட்டனர். திரவ ஹீலியத்தால் குளிர்வித்த கருவியொன்றை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் 1984இல் வெளியிட்டனர். இன்றைய கருவிகளுள் ஒரு வகையில், குளிர்ந்த ஹீலியம் வாயு சுருளைச் சுழியத்திற்குக் கீழே ஏறத்தாழ 250 பாகை செல்சியசுக்குக் கொண்டு செல்கிறது. அச்சுருளுக்குச் சில மில்லிமீட்டர் அருகிலேயே சோதனைக் கரைசல் உறையாமல் அறை வெப்பத்தில் இருக்கிறது! வெந்நீர்க் குடுவையின் சுவர்களிடையே உள்ளது போன்ற வெற்றிடமே இரண்டையும் பிரித்துக் காக்கிறது.

இதனால் தெளிவு 3 அல்லது 4 மடங்கு கூடும். 16 மணி நேர வேலை ஏறத்தாழ ஒரு மணியில் முடியும். கரைசலில் உப்பு மிகுந்தால் அதுவே மின்சாரத்தைக் கடத்தி இரைச்சல் எழுப்பும். அப்போது இப்பயன் குறையும். ஆதலின் உப்பை இயன்றவரை குறைத்தே கரைசலை அமைப்பர்.

அரிய மூலிகைச் சத்தோ, நோயோடு தொடர்புடைய புரதமோ, மிகச் சிறிதளவே கையில் கிட்டும் போது, இக்குளிர்ச் சுருளால் அதன் கட்டமைப்பை அறிதல் கைகூடுகிறது. அளவு போதாதெனக் கைவிடப்பட வேண்டிய ஆய்வு பல, இதனால் நிறைவு பெறுகின்றன.